தண்டலும் தண்டனையும்

(அக்காள்மடத்தில் கடன்பட்டோர் விழிப்புக்காகக் கூட்டப்பெற்ற கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

   

தண்டல் என்பது இக்கடற்கரைக்குப் புதிய சொல்லன்று. திரட்டுதல், வாங்குதல் என்னும் பொருளில் வரி தண்டியதும் தண்டலே. கடன் தண்டுவதும் தண்டலே. தோணியைச் செலுத்தி, உடன்வந்தோரை உயிருடன் கரைசேர்க்கும் தலைவனையும் இக்கடற்கரைத் தமிழர் தண்டல் என்றே அழைத்தனர். ஒரே சொல் காப்பவனையும் குறித்தது, பறிப்பவனையும் குறித்தது. இன்று முதற்பொருள் மறைந்துகொண்டிருக்கின்றது. இரண்டாம் பொருளோ விடியற்காலையில் வாயிலில் வந்து நிற்கின்றது.

இவ்வூர்ப் பெயரிலேயே ஒரு தண்டல் வரலாறு அடங்கியுள்ளது. அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் பெயர்கள் வந்த வகையைப் பற்றி இத்தீவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி பலரும் அறிந்ததே. சேதுபதி மன்னர் ஒருவரின் மகளிர் இருவரை மணந்தவன் இத்தீவின் பொறுப்பில் இருந்தான். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கரிடம் அவன் முறையின்றி வரி தண்டினான். அதை அறிந்த மன்னர், மருமகன் என்றும் பாராது அவனுக்குக் கொலைத்தண்டம் விதித்தார். மகளிர் இருவரும் அவனோடு தீப்பாய்ந்தனர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இரண்டு ஊர்களுக்கும் பெயராயின என்பர். இச்செய்தியில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. முறைகேடாய்த் தண்டியவன் ஒருவன். அவனைத் தண்டித்தவர் ஒருவர். ஆயின், எரிந்தவர் மகளிர். அன்று தொட்டு இன்றுவரை தண்டலின் தீ முதலிற் பற்றுவது பெண்ணின் சேலைத் தலைப்பையே.

இக்கரையில் கடன் எவ்வாறு வருகின்றது? எவரும் ஊதாரித்தனத்தால் முதற்கடன் வாங்குவதில்லை. வலை கிழிகின்றது, பொறி பழுதாகின்றது, எரிநெய் விலை ஏறுகின்றது. கீழைக் கடற்கரையில் ஒவ்வோராண்டும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன்வளம் பெருக அத்தடை வேண்டுவதே; ஆயினும் அந்நாள்களில் அடுப்பு எரிந்தாக வேண்டும் அன்றோ? புயற்காலத்தில் தடையின்றியே தொழில் நின்றுவிடும். கடற்படையிடம் சிக்கிய படகு இலங்கைத் துறையிற் கிடந்து மக்கிப்போனாலோ, படகு போனபின்னும் அதன்மேற் பெற்ற கடன் போவதில்லை.

இத்தகைய நேரங்களில் முதலில் வந்து கைகொடுப்பவர் மீன்வணிகர். அவர் முன்பணம் தருவார்; வட்டி கேளார். அதற்கு மாற்றாகப் பிடித்த மீனை அவருக்கே விற்றாக வேண்டும். விலையை அவரே சொல்வார். வட்டி என்னும் பெயரில் வாராதது விலைக்குறைவாகவும் கழிவாகவும் வந்துவிடுகின்றது. அடுத்து வருவது நாட்டண்டல். பத்தாயிரம் உருபா எனப் பெயர் சொல்லி, ஆயிரத்தைந்நூற்றை முன்னரே பிடித்துக்கொண்டு, எண்ணாயிரத்தைந்நூறு கையில் தருவர். நாளொன்றுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும்.

மூன்றாவது, மகளிர் குழுக்களின்வழி வரும் நுண்கடன். ஈடு வேண்டா, வீட்டு வாயிலிலேயே கிடைக்கும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்னும் ஏற்பாடே அதன் ஈடு. ஆகவே, தண்டுவோன் வருவதற்கு முன்பே அண்டைவீட்டுத் தோழியே தண்டுவோள் ஆகிவிடுகின்றாள். ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு நிறுவனக் கடன்கள் சேர்ந்தபின், ஒன்றைக் கட்ட மற்றொன்றை வாங்கும் சுழல் தொடங்குகின்றது.

நான்காவது, கடனட்டை. ஊரில் கடலோடும் தந்தைக்கு அது தெரியாது. படித்து நகரங்களில் வேலைபார்க்கும் மகனுக்குத் தெரியும். அதன் இயக்கத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். அட்டையில் நிலுவை 50,000 உருபா என்று கொள்க. வட்டி திங்களுக்கு நூற்றுக்கு மூன்றரை. அஃதாவது ஆண்டுக்கு நாற்பத்திரண்டு. ‘இத்திங்கள் குறைந்த அளவு 2,500 கட்டினாற் போதும்’ என்று அறிக்கை வரும். அதைக் கட்டியவன் கடன் குறைந்ததென்று எண்ணி உறங்குவான். உண்மை என்ன? வட்டி 1,750, அவ்வட்டியின்மேல் நூற்றுக்கு 18 வரி, 315. இரண்டும் போக முதலிற் குறைந்தது 435 உருபாவே. ‘குறைந்த அளவு’ என்பது கடன் தீர்வதற்கான அளவன்று. கடன் தீராமல் இருப்பதற்கான அளவு. நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கடனட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை 2024 திசம்பரில் இந்திய உச்ச முறைமன்றம் தள்ளிவிட்டது. ஆகலின் அவ்வேலி இன்று இல்லை.

தவணை தவறியபின் என்ன நிகழ்கின்றது? முதலில் இனிய குரல், பின் கடுங்குரல், பின் ஒரு நாளில் நாற்பது அழைப்பு. ‘வண்டி அனுப்புகின்றோம்’, ‘காவலர் வருகின்றனர்’, ‘உன் அலுவலகத்தில் சொல்வோம்’, ‘உன் மாமனாருக்குச் சொல்வோம்’ என்னும் மிரட்டல்கள். நுண்கடனாயின், குழுத்தலைவியின் வீட்டுத் திண்ணையில் இரவு பத்து மணிவரை அமர்ந்துகொள்வர். இவர்கள் உண்மையில் கைப்பற்ற விரும்பும் ஈடு யாது? வீடன்று, படகன்று, மானம். மானத்தை ஈடாக எழுதிக்கொடுத்த ஆவணம் எதுவும் உலகில் இல்லை. எழுதிக்கொடாத ஈட்டைக் கைப்பற்ற முயல்வது களவன்றி வேறென்ன?

அக்களவின் விளைவைத் தமிழகம் 2017 அத்தோபர் 23-ஆம் நாள் கண்டது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லைக்கு ஆளான கூலித்தொழிலாளி ஒருவர், மனைவியோடும் இரு பெண்குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் மாண்டனர். அவர்கள் முன்னரே பலமுறை முறையிட்டவர்கள். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் அப்போது இயற்றப்பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் ஏட்டில் இருந்தது; அதனைக் கையிலெடுத்து அவர்களோடு சென்று நிற்க ஓர் ஊர் இல்லை. இதுவே அந்நான்கு உயிர்கள் விட்டுச்சென்ற பாடம்.

பெருமக்களே! கடன்பட்டிருப்பது குற்றமன்று. இதனை ஒவ்வொரு வீட்டிலும் உரக்கச் சொல்ல வேண்டும். முன்னர் ஆங்கில நாட்டில் கடன்பட்டோரைச் சிறையிலடைத்தனர். எழுத்தாளர் சார்லசு திக்கன்சின் தந்தையே 1824-இல் இலண்டன் மார்சல்சிச் சிறையில் அடைபட்டவர். கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தை 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாடு பெரும்பாலும் ஒழித்தது. இந்தியாவில் 1980-ஆம் ஆண்டு, கிருட்டிண ஐயர் அவர்கள் வழங்கிய உச்ச முறைமன்றத் தீர்ப்பொன்று, கொடுக்க வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையிடுதல் அவனது வாழ்வுரிமைக்கு மாறானது என்று கூறிற்று. பணத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைச் சிறைப்பிடித்தல் ஆகாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. உடுதுணி, சமையற்கலம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணி ஆகியவற்றை முறைமன்றமே பறிமுதல் செய்ய முடியாது என்பது அச்சட்டத்தின் 60-ஆம் பிரிவு. முறைமன்றத்தாலேயே தொடமுடியாத தாலியை, பையை மாட்டிக்கொண்டு வந்த தண்டலாள் எப்படித் தொடுவான்?

ஒன்றை மட்டும் மறவற்க. காசோலை கொடுத்து அது திரும்பினால் அது குற்றவழக்காகும். எனவே, தொகை எழுதாத காசோலையிலும் ஒன்றும் எழுதாத முத்திரைத்தாளிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தல், கயிற்றை முறுக்கிப் பிறன் கையிற் கொடுத்துக் கழுத்தை நீட்டுதல் போன்றது.

இனித் தண்டுவோரைக் கட்டுப்படுத்தும் நெறிகள். நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து தமிழ்நாடு 2003-இல் இயற்றிய சட்டம், மீறியோர்க்கு மூன்றாண்டுவரை சிறையும் முப்பதாயிரம் உருபாவரை தண்டமும் விதித்தது. வன்முறையால் கடன் தண்டுவதைத் தடுக்க 2025-இல் மேலும் ஒரு சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் இயற்றியது. அடியாள்களை ஏவிக் கடன் தண்டுதல் ஆகாது. சட்டவழியிலேயே தண்ட வேண்டும் என்று உச்ச முறைமன்றம் 2007-இல் வைப்பகங்களைக் கண்டித்தது. அதனையடுத்து, ரிசர்வ் வங்கி என்று வழங்கும் இந்திய ஏம வைப்பகம் 2008 ஏப்பிரலில் நெறிமுறை வகுத்தது. தண்டலாள் அடையாள அட்டையும், வைப்பகம் தந்த ஒப்புதல் மடலும் கையில் வைத்திருக்க வேண்டும். அவன் செய்யும் தவற்றுக்கு அவனை ஏவிய வைப்பகமே பொறுப்பு. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன் தண்ட அழைக்கலாகாது என்று 2022 ஆகத்து அறிவிப்பு கூறிற்று.

நுண்கடனுக்கு நெறி இன்னும் கடுமையானது. 2022 மார்ச்சில் வெளியான நெறிமுறைப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் திங்கள் வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. அதைப் பார்த்துக் கடன்கொடுப்பது கொடுப்பவர் கடமை. இருவரும் ஒப்பிய பொதுவிடத்திலேயே தண்ட வேண்டும். அடுத்தடுத்து இருமுறையேனும் அங்கு வாராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் அழைத்தல், இழிசொல் கூறல், உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தல், கடன்பட்டோர் பெயரை ஊரறிய வெளியிடல் ஆகிய யாவும் விலக்கப்பட்டவை. இரவு பத்து மணிவரை திண்ணையில் அமர்ந்திருப்போர் கடன் தண்டவில்லை, நெறியை மீறுகின்றனர்.

கைப்பேசிச் செயலிகளால் வரும் கடன் இவை எல்லாவற்றினும் கொடியது. ஐயாயிரம் தருவதாகக் கூறி மூவாயிரம் தந்து, ஏழே நாளில் ஐயாயிரமும் கேட்கும் செயலிகள் உண்டு. கடன் வாங்கும்போதே கைப்பேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் அவை எடுத்துக்கொள்கின்றன. பின்னர்ப் பெண்களின் படத்தைத் திரித்து உறவினர்க்கு அனுப்பி மிரட்டுகின்றன. கடன்செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படத்தொகுப்பையும் தொடலாகாது என்று ஏம வைப்பகம் 2022 செப்டம்பரில் நெறி வகுத்தது. மிரட்டல் வந்தால் பணம் அனுப்பற்க. பணம் அனுப்பினால் மிரட்டல் பெருகும். 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றக் காவற்பிரிவுக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இவ்வளவு நெறிகள் இருந்தும் மக்கள் அஞ்சுவதன் கரணியம் யாது? அவை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் அவர்கள் கைக்கு வரவில்லை. கடன் ஒப்பந்தம் ஆங்கிலத்தில். கையெழுத்து மட்டும் தமிழில். படித்தறியாத முப்பது பக்கத்தில் பெருக்கற்குறி இட்ட இடத்தில் எல்லாம் ஒப்பமிடும் ஒருவர், எதற்கு ஒப்பினார் என்பதை எவர் சொல்வார்? தாய்மொழி என்பது மேடைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியதன்று. வட்டிக்கணக்கும் அம்மொழியிலேயே இருத்தல் வேண்டும். நுண்கடன் அட்டை, கடன்பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு நெறி. தனிமாந்தர் பெறும் கடன்களின் வட்டி, கழிவு, முறையிட வேண்டிய அலுவலர் ஆகிய முதன்மைச் செய்திகளைக் கடன்பெறுவோர்க்குப் புரியும் மொழியில் எழுதி, அவர்க்கு விளக்கித் தர வேண்டும் என்பது 2024 ஏப்பிரல் அறிவிப்பு. கடனட்டை இவ்வறிவிப்பில் அடங்காது. ஆயினும் கேட்பதற்குத் தடையில்லை. ‘தமிழில் தருக, படித்தபின் ஒப்பமிடுவேன்’ என்று சொல்வது உரிமை, இரத்தலன்று.

தண்டலாள் வந்து நிற்கும்போது செய்ய வேண்டியவை இவை. கதவை மூடி ஒளியற்க, தனித்தும் நிற்கற்க. அண்டையார் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, அடையாள அட்டையையும் ஒப்புதல் மடலையும் காட்டச் சொல்க. காட்டாதவனோடு பேச்சில்லை. வந்த நாள், மணி, பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு சுவடியில் எழுதுக, அழைப்புகளைப் பதிவுசெய்க. பற்றுச்சீட்டின்றி ஒரு காசும் கையிற் கொடுக்கற்க. நிலைமையை விளக்கி, தவணையை மாற்றித் தருமாறு கடன்தந்த நிறுவனத்துக்கே எழுத்தால் விண்ணப்பித்து, அதன் படியை வைத்துக்கொள்க. குறைத்துத் தீர்க்க இசைந்தால், அவ்விசைவை எழுத்திற் பெற்றபின்னரே பணம் கட்டுக. அவ்வாறு குறைத்துத் தீர்த்தது கடன்வரலாற்றிற் குறிக்கப்பெறும் என்பதையும் அறிந்து முடிவுசெய்க.

நிறுவனம் முப்பது நாளில் விடை தாராவிடினும், தந்த விடை நிறைவளிக்காவிடினும் ஏம வைப்பகத்தின் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம், கட்டணம் இல்லை. வழியறிய 14448 என்னும் எண் உண்டு. அடிதடி, மிரட்டல், பொருள்பறிப்பு நேர்ந்தால் முப்பது நாள் பொறுக்க வேண்டா. அன்றே காவல்நிலையத்தில் எழுதிக்கொடுத்து ஏற்புச்சீட்டுப் பெறுக. இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உள்ளது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் துணை விலையின்றிக் கிடைக்கும். அதற்குரிய எண் 15100. உயிரை விட்டுவிடலாம் என்னும் எண்ணம் எழும் இரவில், 14416 என்னும் எண்ணில் பேசுவதற்கு ஆளுண்டு. கடன் உயிரினும் சிறிது. எவ்வளவு பெருகினும் சிறிதே.

‘அங்ஙனமாயின், வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமோ?’ என்று சிலர் வினவலாம். கட்ட வேண்டும். தமிழில் கடன் என்னும் சொல்லுக்குக் கடமை என்பதும் பொருள். வாங்கியதை மறுப்பது தமிழன் வழக்கன்று. கையிற் பணமிருந்தும் ஏய்ப்பவனுக்காக இங்கே ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. ஆனால் கடமை இருபாற்பட்டது. கொடுப்பவன் அளவறிந்து கொடுத்தலும், முறையறிந்து கேட்டலும் கடமையே. 1938-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற உழவர் கடன் தீர்வுச் சட்டம், முதலும் வட்டியுமாக முதலைப்போல் இருமடங்கு கட்டிவிட்ட உழவரின் பழங்கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது. வட்டிக்கும் ஒரு கரையுண்டு என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

முடிவாக ஒன்று. கடலுக்குக் கிழமை தெரியாது. தவணைக்கோ கிழமை மட்டுமே தெரியும். இம்முரண்பாடே இக்கரைக் கடன்களின் வேர். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைச் சிற்றூர்களில் மீனவர் தாமே சங்கங்கள் அமைத்தனர். 1980-இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. மீனைச் சங்கமே ஏலத்தில் விற்கும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். மிகுதியாக மீன் பட்ட நாளில் மிகுதியாகக் கழியும். வெறுவலை வந்த நாளில் எவரும் வாயிலில் வந்து நிற்பதில்லை. கடலோடு ஏறி இறங்கும் அத்தகைய தண்டலே கடலோடிக்குப் பொருந்துவது. அங்கே இயன்றது இங்கே இயலாதா?

அதற்கான முதலடியை இன்றே எடுத்து வைக்கலாம். தெருவுக்கு ஐந்து பேர். அவருள் இருவர் பெண்கள். ஒருவர் ஆங்கிலம் படித்த இளைஞர். ஊராரின் கடன்தாள்களை வாங்கித் தமிழில் கணக்கிட்டுச் சொல்வது அவர்கள் பணி. தண்டலாள் எவர் வாயிலில் நின்றாலும் அங்கே சென்று உடன் நிற்பது அவர்கள் பணி. முறையீடு எழுதி இராமநாதபுரம்வரை துணைசெல்வதும் அவர்கள் பணி. திருநெல்வேலியில் அந்நால்வர்க்கு இல்லாதுபோனது இவ்வைவரே. வெளியே காத்திருக்கும் பலகையில் பெயர் எழுதத் தாளும் எழுதுகோலும் வைக்கப்பட்டுள்ளன. கலைந்து செல்லுமுன் எழுதிச் செல்க.

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழர் ஒற்றுமை!